ஹால் கேமராவை நான் ஏன் கழற்றினேன்

தினேஷ், என் ராசா,

அம்மா கையால் கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆகிறது என்று எனக்கே நினைவில்லை. பேனா தேடவே அரை மணி நேரம் ஆனது. கிடைத்த மூன்றில் இரண்டு காய்ந்து கிடந்தன. போனில் சொல்லக்கூடாதா, வாய்ஸ் மெசேஜ் அனுப்பக்கூடாதா என்று கேட்பாய். கூடாது. இது உறையில் போட்டு ஒட்டி, நீ மட்டும் கிழித்துப் படிக்க வேண்டிய விஷயம். அதோடு, பூச்சோங் புது வீட்டுக்கு ஐந்து கேமரா போடப் போகிறாய் என்று சிந்து சொன்னாள். வாசலுக்கு ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஹாலுக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. சமையலறையில் என்னடா திருடப் போகிறார்கள், உன் பொண்டாட்டி வைக்கும் ரசத்தையா? புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அம்மா சொல்வதைக் கொஞ்சம் கேட்டுவிடு. அப்புறம் கடைக்குப் போ, நான் தடுக்கவில்லை.

இங்கே கிள்ளான் வீட்டில் கேமரா வந்த கதை உனக்குத் தெரியும். நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் சமையல் கேஸ் தோம்பு, அப்பாவின் பழைய சைக்கிள், வாசலில் காய்ந்த என் புதுக் கைலி எல்லாம் போய்விட்டன. மறுநாளே நீ செராஸிலிருந்து ஓடிவந்து கேட்டுக்கு ஒன்று, கார் நிற்கும் போர்ச்சுக்கு ஒன்று, ஹாலில் அப்பாவின் படத்துக்கு மேலே ஒன்று என்று மூன்று மாட்ட வைத்தாய். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ வெளியே நின்று ஆபீஸ்காரர்களோடு போனில் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது, கேமரா மாட்ட வந்தவர் என் ஈமெயில் பாஸ்வேர்டைக் கேட்டார். எனக்கு ஈமெயில் இருப்பதே மறந்துவிட்டது, இதில் பாஸ்வேர்டுக்கு எங்கே போவேன்? "பரவால லா ஆன்டி, என் பேர்லயே ஓப்பன் பண்ணிடறேன்" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்து அவருக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்தேன். கேமராவுக்கு என்ன பாஸ்வேர்ட் என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, கார் நம்பரைச் சொன்னேன். நம் வீட்டில் எதற்குத்தான் கார் நம்பர் இல்லை? வைஃபைக்கு அதுதான், என் போனுக்கு அதுதான், பயணப் பெட்டிப் பூட்டுக்கும் அதில் உள்ள எண்கள்தான். அந்தக் காரோ கேமராவுக்கு நேர் கீழே, முன்னால் ஒரு பலகையும் பின்னால் ஒரு பலகையும் மாட்டிக்கொண்டு தெருவையே பார்த்து நிற்கிறது. இரண்டு வருடம் அது எனக்கு உறைக்கவே இல்லை, பார்த்துக்கொள்.

அதோடு விட்டேனா? நம் தாமான் குடியிருப்பில் வெளியூர் போனால் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். லிம் ஆன்டியிடம் நம் சாவி, நம்மிடம் அவர் சாவி, நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே. ஓய்வு பெற்ற கூட்டத்தோடு நான்கு நாள் லங்காவி போனேனே, அப்போது சாவியோடு கேமராவைத் திறக்கும் அந்தக் கார் நம்பரையும் லிம் ஆன்டிக்குக் கொடுத்தேன். ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் உன் அத்தைக்கும் கொடுத்தேன்; அண்ணன் போன பிறகும் அண்ணியைத் தாங்குகிற நாத்தனார், அவளுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? திரும்பி வந்ததும் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன். நம்பரைத் திருப்பி வாங்க முடியுமா? அது அவரவர் போனிலேயே தங்கிவிட்டது. சாவியும் பாஸ்வேர்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன் பார், அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

உன் அத்தை அதன் பிறகு நம் ஹாலிலேயே குடியேறிவிட்டாள் என்று சொல்லலாம். அந்தக் கேமராவில் பேசவும் முடியும் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாள் மத்தியானம் நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறேன், சுவரிலிருந்து குரல் வருகிறது, நின்றுகொண்டு சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது அண்ணி என்று. வாசலில் நின்ற கேஸ்காரர் உன் அப்பாவின் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காசைக்கூட எண்ணாமல் கிளம்பிவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அப்பா போய், நீயும் கல்யாணமாகிச் செராஸுக்குப் போன பிறகு, மருந்து போட்டாயா, தலை துவட்டினாயா என்று கேட்க ஒரு குரல் இருந்தது. அவள் வீட்டிலும் பகலில் ஆள் கிடையாது. போனை மசாலா டப்பாவில் சாய்த்து வைத்து என்னைப் பார்த்துக்கொண்டேதான் சமைப்பாளாம். எனக்கு அவள் துணை, அவளுக்கு நான் சீரியல். இரண்டு பேருக்கும் பொழுது நன்றாகப் போனது.

இனி ராஜன் சார் விஷயத்துக்கு வருகிறேன். மூஞ்சியைத் தூக்காமல் படி. உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் பரீட்சையில் நீ இரண்டு தடவை கோட்டை விட்டபோதும் சிரிக்காமல் இருந்த மனுஷன். லைசென்ஸ் இருந்தும் ஹைவேயைக் கண்டால் எனக்கு நடுக்கம் என்பது உனக்குத் தெரியும். அப்பா இல்லாத பிறகு கார் சும்மா நிற்கிறதே என்று, போன வருடம் நானே அவரைத் தேடிப்போய் மறுபடியும் பழகினேன். லோரி பக்கத்தில் வந்தால் நான் கண்ணை மூடுவேன். அவர் பதறவே மாட்டார். "மேடம், லோரி உங்களப் பார்த்துப் பயப்படணும்" என்பார். மூன்றே மாதத்தில் நான் தனியாகப் பிரிக்பீல்ட்ஸ் வரை ஓட்டிப்போய், பூ வாங்கி, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, வண்டியில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தேன். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. அவருக்கும் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. வகுப்பு முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்களில் குவே பலகாரம் வாங்கிக்கொண்டு வருவார், தேநீர் குடிப்பார், காரின் எண்ணெயைப் பார்ப்பார், போய்விடுவார். வாசல் கதவு திறந்தேதான் இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "மேடம், தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு அலுத்துப் போச்சு. நீங்க சரின்னு சொன்னா, கல்யாணம் பண்ணிக்கிட்டு ஒரே வீட்ல சாப்பிடலாம். அவசரம் இல்ல, ஒரு மாசம் யோசிச்சுச் சொல்லுங்க." அந்த நேரம் பார்த்து என் வாயிலிருந்த ஒண்டே ஒண்டே உருண்டை உடைந்து வெல்லப்பாகு தாடை வழியாகச் சேலைக்கு இறங்கியது. ஐம்பத்தொன்பது வயதில் ஒருத்தியைக் கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள், அவள் தாடையைத் துடைத்துக்கொண்டு இருமுகிறாள். நான் பதிலே சொல்லவில்லை, ராசா. அவரை அனுப்பிவிட்டு, முகம் கழுவி, இதை முதலில் தினேஷிடம்தான் சொல்ல வேண்டும், போனில் வேண்டாம், அடுத்த வாரம் வீட்டுக்கு வரச்சொல்லி மீன் குழம்பு வைத்து நேரில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். முகம் துடைத்த துண்டு இன்னும் கையில் இருக்கிறது, போன் அடிக்க ஆரம்பித்தது.

உன் அத்தை பார்த்திருக்கிறாள், கேட்டிருக்கிறாள், ஒரு நிமிடத்தைப் பதிவு செய்து குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டாள். கோள் மூட்டவில்லை, பாவம். பிறகு என்னிடம் வந்து அழுதாள். சந்தோஷத்தில் கை நிற்கவில்லை அண்ணி என்றாள், நான் நம்புகிறேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். ஒருவர் பூமாலைப் படம் போட்டார், ஒருவர் கேக் படம் போட்டார், ஜொகூர் மாமா தேதி கேட்டார், ஒரு பெரியவர் இந்த வயதிலா என்று கேட்டு அவர் மருமகளிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் வாயே திறக்காத கேள்விக்குக் குடும்பமே பதில் சொல்லி முடித்துவிட்டது. நீயும் சிந்துவும் படம் பார்க்கப் போய்ப் போனை அணைத்து வைத்திருந்தீர்கள். வெளியே வந்து திறந்தால் அத்தனையும் வரிசையாக நிற்கிறது. நீ என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அத்தைக்குத் தெரியும், ஜொகூர் மாமாவுக்குத் தெரியும். கடைசி ஆளா நான் தெரிஞ்சுக்கணுமாம்மா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வாரமாகச் சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, சரிம்மா வெச்சிடறேன். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நீ மரியாதையாகப் பேசப் பேச எனக்கு வயிறு எரிந்தது.

உன் வலி எனக்குப் புரியாமல் இல்லை, ஏனென்றால் ஒரு காலத்தில் அதே பாவத்தை நானே செய்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் கோலாலம்பூரில் ஓர் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன் இல்லையா? லைனை இணைத்துவிட்டதும் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதுதான் அந்த வேலையின் முதல் சட்டம். ஒருநாள் கணக்குப் பிரிவு மேகலாவுக்கு ஒரு போன் வந்தது, நான் காதிலிருந்து எடுக்காமல் கேட்டேன். அவளுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. கேட்ட எனக்கே குதியாட்டம், கேண்டீனில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் லட்டு டப்பாவோடு மேசை மேசையாகப் போகிறாள், எல்லாரும் தெரியும் தெரியும் என்று கையை நீட்டுகிறார்கள். கடைசியில் என் மேசைக்கு வந்து, "நான் ஆசையாச் சொல்ல வெச்சிருந்த சேதி அக்கா இது" என்றாள். அந்த லட்டைத் தாளில் சுற்றி மேசைக்குள் வைத்துவிட்டேன். நல்ல சேதியாக இருந்தாலும், சொந்தக்காரி சொல்வதற்கு முன்னால் எடுத்துச் சொன்னால் அது திருட்டுதான்.

நீ கூப்பிட்ட மறுநாளே அந்தக் கேமராமேல் ஒரு துண்டைப் போட்டேன். அரை மணியில் உன் அத்தை போன் செய்து, கேமரா கெட்டுவிட்டதா, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள். அப்புறம் சிந்து வந்தாள். நீ சொல்லி வரவில்லை, அவளாகவே வந்தாள். என் போனை வாங்கி அந்தக் கேமராவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்தாள். நீ, நான், அத்தை, அத்தை மகள், லிம் ஆன்டி, பழசாகிவிட்டது என்று லிம் ஆன்டி யாரிடமோ விற்ற போன். எல்லாருக்கும் மேலே, முதலாளி மாதிரி, நான் இரண்டு வடை கூடுதலாக வைத்தேனே, அவர். ஆக, இரண்டு வருடமாக நான் தலைக்குச் சாயம் பூசியதும், கைலியோடு கூடையில் துணி அள்ளியதும், பக்திப் பாட்டுக்குத் தனியாக ஆடியதும் யாரென்றே தெரியாத இரண்டு பேர் திறந்து பார்க்கும்படி இருந்திருக்கின்றன. பார்த்தார்களா இல்லையா என்று தெரியாது. தெரியாது என்பதுதான் கடுப்பு.

இன்னொன்றும் அன்று வெளியே வந்தது, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் பினாங்கு போனபோது பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உன் செராஸ் வீட்டுக் கேமராவை என் போனில் போட்டுக் கொடுத்தாயே, அது அப்படியே இருந்தது. பூனை மட்டுமா பார்த்தேன்? நீங்கள் திரும்பி வந்த பிறகும், நீ சாப்பிட்டாயா என்று தினம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டதும் காதில் விழுந்தது. சிந்துவுக்கு என்ன கோபம் என்று நான் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், அம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று நீ சிரித்தாய். மூக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, கேமராதான். சிந்து அதைப் பார்த்ததும் போனை என் கையில் கொடுத்து, "நீங்களே எடுத்துடுங்க மாமி" என்றாள். எடுத்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு எனக்கும் வந்தது, இரண்டு பேரும் சோபாவில் விழுந்து சிரித்தோம். நல்ல பெண்ணடா அவள். உன்னிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் அவளே பழைய கணக்கை அழித்து, கேமராவின் பொத்தானை அழுத்திப் புதிது போல ஆக்கி, என் பெயரில் என் ஈமெயிலில் திறந்து கொடுத்தாள். ஹால் கேமராவைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டோம். கேட்டும் போர்ச்சும் போதும். கேட்டுக் கேமராவைக் கொஞ்சம் திருப்பினோம், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் லிம் ஆன்டி வீட்டு வாசல்தான் தெரிந்தது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டால், அவர் தினம் காலையில் உடற்பயிற்சி செய்யும்போது அந்தக் கேமராவைப் பார்த்துக் கைகாட்டுவாராம், நீ செராஸிலிருந்து போனில் பார்க்கிறாய் என்று நினைத்து. இரண்டு வருடமாக, நீ ஏன் ஒருநாளும் பதிலுக்கு வணக்கம் சொல்லவில்லை என்று மனதுக்குள் குறைப்பட்டிருக்கிறார். அடுத்த தடவை வரும்போது அவருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வா.

ஆகவே பூச்சோங்கில் கேமரா போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கேஸ் தோம்பு போன வயிற்றெரிச்சல் எனக்குத்தான் தெரியும். ஆனால் வெளியே போடு. திருடன் வருவது வெளியிலிருந்து. உள்ளே இருப்பது நீயும் உன் மனைவியும், நாளைக்கு ஒரு குழந்தையும். வீட்டுக்குள் ஒன்று வேண்டும் என்று தோன்றினால், ஊருக்குப் போகும்போது மட்டும் சொருகிவிட்டு வந்ததும் பிடுங்கு, அதுவும் சிந்து சரி என்று சொன்னால். மாட்டுகிறவர் யாராக இருந்தாலும் கணக்கை உன் போனிலேயே திற. கார் நம்பர் வைத்தாயோ, அம்மா வந்து காதைத் திருகுவேன். உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒரு நீளமான வாக்கியத்தை வை, வேறு எதற்கும் அதை வைக்காதே. புதுப் போன் எதுவும் உள்ளே நுழைந்தால் உனக்கு ஓர் எண் வந்து கேட்கும்படி செய்யலாமாம், அதைச் செய்துவிடு. பதிவெல்லாம் கேமராக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் போய் உட்காருமாம். அதற்குப் பதில் கேமராவுக்குள் போடும் சின்னக் கார்டே போதும் என்கிறாள் சிந்து. சத்தத்தை அணைத்துவிடு, திருடன் பாடிக்கொண்டா வரப்போகிறான்? அப்டேட் கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. பால் காய்ச்சுகிற அன்று வருகிற சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றும் முன்னே வைஃபை பாஸ்வேர்ட் கேட்பார்கள், நம் ஜனங்களைப் பற்றித் தெரியாதா? விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை ஒன்று வைத்து அதைக் கொடு. கேமரா இருக்கிற வைஃபையைக் கொடுக்காதே. வீட்டு வேலைக்கு யாராவது வந்தால் எங்கே கேமரா இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடு. உன் அத்தை நம்பர் கேட்பாள். முறுக்கு கொடு, நம்பர் கொடுக்காதே. எனக்கும் கொடுக்காதே, நான் என்னை நம்பவில்லை.

உன் அத்தைக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் இல்லை. இப்போது கேமரா இல்லாததால் வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி நேரில் வருகிறாள், அதே கேள்விகளை முகத்துக்கு நேரே கேட்கிறாள். வந்ததும் முதல் கேள்வி, என்ன முடிவு அண்ணி? நான் வாயைத் திறக்கவில்லை. ஜொகூர் மாமா இரண்டு தடவை கேட்டுவிட்டார். சிந்து வாயால் கேட்கவில்லையே தவிர, கண்ணால் கேட்டாள், அவளிடமும் சொல்லவில்லை.

ராஜன் சார் கொடுத்த ஒரு மாதம் வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. காலையில் வருவார். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும், வராவிட்டால் அவரை இன்னொரு வாரம் காக்க வைப்பேன். உன்னிடம் அனுமதி கேட்க இதை எழுதவில்லை, ராசா. உனக்குப் பிடிக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது, அவசரம் இல்லை. அப்பாவின் படம் இருந்த இடத்தில்தான் இருக்கும், அதை ராஜன் சாரே பேச்சு எடுத்த அன்றே கேட்டுக்கொண்டார். படித்து முடித்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு, திட்டுவதானாலும் திட்டு, மரியாதையாக மட்டும் பேசாதே. இந்தத் தடவை உனக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை.

சரி என்று சொல்லப் போகிறேன், தினேஷ். அவருக்கே இன்னும் தெரியாது.

உன் அம்மா